அலாஸ்கா கப்பல் பயணம்: ஆறு பேர், ஏழு பெட்டி. எதைக் குறைப்பது?

டாலஸ்_மகள் கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் இரண்டாவது வாரம் சியாட்டிலில் இருந்து ஏழு இரவு அலாஸ்கா கப்பலில் போகிறோம். நான், கணவர், 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கும்பகோணத்தில் இருந்து வந்திருக்கும் என் அப்பா அம்மா. ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன், நடுவில் ஒரு நாள் பனியாறுகள் கடலில் இறங்கும் கிளேசியர் பே, கடைசி சாயங்காலம் கனடாவின் விக்டோரியா. இரண்டு கேபின். கனடா விசா அப்பா அம்மாவுக்கு வந்துவிட்டது, அந்தக் கவலை இல்லை.

கவலையெல்லாம் பெட்டிதான். கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, இப்போதே கூடத்தில் ஏழு பெட்டி நிற்கின்றன. நான்கு பெரியவை. விமானத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகப் பணம் கேட்கிறார்கள். பணம் போனால் போகட்டும், ஏழு பெட்டியையும் இரண்டு குழந்தைகளையும் முட்டி வலிக்கிற அப்பாவையும் ஒன்றாக நகர்த்த எங்கள் இரண்டு பேரால் முடியாது.

நேற்று அம்மாவின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பட்டுப்புடவை 3, கைத்தறி 8, ஸ்வெட்டர் 4, சின்ன ரைஸ் குக்கர், இரண்டு கிலோ பொன்னி அரிசி, வீட்டில் செய்த புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, உப்பு நார்த்தங்காய், இஸ்திரிப் பெட்டி, குட்டிக் காமாட்சி விளக்கு, திரி, ஊதுபத்தி. அப்பாவுக்கு நாளுக்கு ஒன்று என்று ஏழு வேட்டி, ஒன்பது சட்டை. அம்மாவை மட்டும் சொல்லக் கூடாது. நானும் ஒவ்வொரு ராத்திரிச் சாப்பாட்டுக்கும் ஓர் உடை என்று எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு ஆளுக்கு நான்கு ஜோடி ஷூ.

எதையாவது வெளியே எடுத்தால் அம்மாவின் முகம் வாடிவிடுகிறது. "கடல் நடுவில் கடை இருக்கா?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், உண்மையில் எது தேவைப்பட்டது, எது பெட்டியிலேயே கிடந்தது என்று சொல்லுங்கள்.

பீளமேடு_டீச்சர்:

கண்ணு, நீ கேட்டது மகளின் பக்கத்துக் கேள்வி. நான் அம்மாவின் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். எனக்கு 66 வயது. கோவையில் 31 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஜூன் மாதம், இதே வழியில், மகன் குடும்பத்தோடு போய் வந்தேன்.

மகன் வீடு போர்ட்லாண்டில். சியாட்டிலுக்குக் காரிலேயே போனதால் பெட்டியை எடை போட யாரும் இல்லை. என் பெட்டி மட்டும் 27 கிலோ இருந்தது. கிளம்புவதற்கு முந்தின வாரம் மகன் என்னைக் கேட்காமல் நாலு சாமானை வெளியே எடுத்து வைத்தான். ராத்திரி அவன் தூங்கின பிறகு நாலையும் திரும்ப உள்ளே வைத்தேன். உன் அம்மாவும் இதைச் செய்வார்கள். அதனால்தான் சொல்கிறேன், எடுப்பதற்கு முன்னால் உட்கார்ந்து பேசு. ஒவ்வொரு சாமானும் ஒரு பயத்துக்காக உள்ளே வந்தது. அந்தப் பயத்துக்குப் பதில் கிடைத்தால் சாமான் தானாக வெளியே வந்துவிடும்.

முதலில் ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி, விளக்கு, ஊதுபத்தி. இந்த நான்கையும் இன்றைக்கே வெளியே எடு. சூடாகிற மின்சாமானும் நெருப்பும் கப்பலில் கூடாது. கெட்டிலும் அப்படித்தான். கப்பலில் தீப்பிடித்தால் ஓடுவதற்கு இடம் இல்லை, அதனால் இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பாக இருக்கிறார்கள். எனக்கு இது யாரும் சொல்லவில்லை. துறைமுக வாசலிலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், எக்ஸ்ரே பார்த்து, பிறகு கேபின் வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். எல்லார் பெட்டியும் நாலரை, ஐந்து மணிக்கு வந்துவிட்டது. என்னுடையது வரவில்லை. மருமகள் வராந்தாவில் நாலு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் அந்தப் பெட்டிக்குள்.

எட்டே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். கீழே ஓர் அறை. நீள மேசை, அதன் மேல் இஸ்திரிப் பெட்டிகள், கெட்டில்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டிகள், நாலு ரைஸ் குக்கர்கள், ஒவ்வொன்றிலும் கேபின் எண் எழுதின சீட்டு. ஒரு சீன அம்மா என் வயதுதான் இருக்கும், அவரும் தன் குக்கரைக் காட்டி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் புரிந்தது. கையெழுத்துப் போட்டுக் குக்கரை அங்கேயே விட்டுவிட்டு, பெட்டியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து மாத்திரை போட்டபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. ஏழு மணிக்குப் போட வேண்டியது. உன் அப்பா அம்மாவின் மாத்திரைகள், மருந்துச் சீட்டு, கண்ணாடி, ஒரு ஸ்வெட்டர், மாற்று உடை எல்லாம் கையில் எடுத்துப் போகும் பையில் இருக்கட்டும். இதை மட்டும் மறக்காதே கண்ணு.

அடுத்தது சாப்பாடு. உன் அம்மா அரிசி வைத்தது பசிக்காக மட்டும் இருக்காது. தெரியாத ஊரில் மற்றவர்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தும் வைத்திருப்பார்கள், நான் அப்படித்தான் வைத்தேன். பஃபேயில் வெள்ளைச் சாதமும் தயிரும் இருந்தது, வெந்நீர் எப்போது வேண்டுமானாலும் கிடைத்தது. பல கப்பல்களில் உட்கார்ந்து சாப்பிடும் கூடத்தில் முதல் நாள் ராத்திரியே தலைமைப் பரிமாறுபவரிடம் "இந்திய சைவம் வேண்டும்" என்று சொல்லிவிட்டால் மறுநாளில் இருந்து செய்து தருவார்கள். முன்பதிவில் எழுதி வைத்தாலும் நேரில் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். எங்களுக்கு வந்தவர் மங்களூர்க்காரர். மூன்றாம் நாள் சாதம், பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல் கொண்டுவந்து வைத்துவிட்டு, உப்பு சரியாக இருக்கிறதா என்று நின்று கேட்டார். வீட்டில் செய்ததை ஏற்றக் கூடாது என்பதுதான் பெரும்பாலான கப்பல்களின் விதி. கடையில் வாங்கிப் பிரிக்காத பாக்கெட் என்றால் பொதுவாக விடுவார்கள். டாலஸில் இந்தியக் கடையிலேயே பருப்புப் பொடியும் ஊறுகாயும் சின்னப் பாக்கெட்டாக வாங்கிக்கொள். புளிக்காய்ச்சலைத் திரும்பி வந்து சாப்பிடலாம், அது கெட்டுப்போகாது.

இனி குளிர். அலாஸ்கா என்றதும் நம் மனசில் பனிமலைதான் வருகிறது. ஜூனில் நீங்கள் போகும் ஊர்களில் பகலில் 10 முதல் 18 டிகிரி இருக்கும், ஊட்டியில் ஜூலை மாதப் பகல் மாதிரி வைத்துக்கொள்ளலாம். அங்கே உண்மையான எதிரி மழையும் காற்றும். கெட்சிகனில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னைக்குச் சுமார் 1,400. நாங்கள் இறங்கினபோது தூறல்தான், குடையே வேண்டாம் போல இருந்தது. கிரீக் ஸ்ட்ரீட் என்று ஓடை மேல் மரத்தூண்களில் நிற்கும் பழைய தெரு, பலகை போட்ட நடைபாதை. அரை மணி நேரம் நடந்தேன். கைத்தறிப் புடவையின் ஓரம் முழங்கால் வரைக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. அந்தக் கனத்தில் நடையே தடுமாறியது. கேபின் குளியலறையில் இழுத்துக் கட்டுகிற மெல்லிய கயிறு ஒன்று இருக்கும், அதில் போட்டேன். இரண்டு நாள் ஆகியும் மடிப்புக்குள் ஈரம் இருந்தது. ஜீன்ஸ் கதியும் அதேதான், பேரனுடையது காயவே இல்லை.

அதனால் எட்டுக் கைத்தறியையும் வீட்டில் விட்டுவிட்டு மூன்று பூனம் புடவை எடுத்துக்கொள்ளச் சொல். சுருட்டினால் ஒரு துண்டு அளவுதான் வரும், இஸ்திரி வேண்டாம், ராத்திரி அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். உள்ளே உடம்போடு ஒட்டுகிற தெர்மல் உள்ளாடை, முழுக்கை ரவிக்கை, காலுறை, நழுவாத ஷூ. மேலே சுருட்டி வைக்கிற மாதிரி லேசான, இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் ஒன்று, அதற்கும் மேலே நீர் புகாத ரெயின் ஜாக்கெட் ஒன்று. காது மூடும் குல்லாவும் கையுறையும் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். நான்கு ஸ்வெட்டர் அடைத்துக்கொள்ளும் இடத்தில் இது எல்லாம் அடங்கிவிடும், அவற்றை விடச் சூடும் கொடுக்கும்.

கிளேசியர் பேயில் கப்பல் கரையில் நிற்காது, யாரும் இறங்க மாட்டார்கள், நாள் முழுக்க டெக்கில் இருந்துதான் பார்க்க வேண்டும். காலை ஆறரைக்கு மேல் தளத்துக்குப் போனேன். பனியாற்றின் மேல் இருந்து வருகிற காற்று முகத்தில் ஊசி மாதிரி குத்தியது. நீலமாக ஒரு சுவர், பக்கத்தில் இருக்கிற மாதிரி தெரிந்தது, ஆனால் வெகு தூரம். திடீரென்று இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். சத்தம் வந்த பிறகுதான் கண் தேடியது. ஒரு துண்டு சரிந்து தண்ணீரில் விழுந்து அலை எழும்பியது. இரண்டரை மணி நேரம் அங்கேயே நின்றேன். ஸ்வெட்டர் மட்டும் போட்டு வந்தவர்கள் பத்து நிமிஷத்தில் உள்ளே போய்விட்டார்கள். பைனாகுலர் ஒன்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், குடும்பத்துக்கு ஒன்று போதும்.

பட்டு ஒன்று போதும் கண்ணு. ஏழு இரவுப் பயணத்தில் நன்றாக உடுத்திக்கொண்டு போகிற ராத்திரி வழக்கமாக இரண்டு. அதே பட்டையே இரண்டு ராத்திரியும் கட்டினேன், ரவிக்கையை மட்டும் மாற்றினேன். முதல் ராத்திரி ஓர் அமெரிக்க அம்மா பக்கத்தில் வந்து சரிகையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். இரண்டாவது ராத்திரியும் வந்து தொட்டுப் பார்த்தார்.

உன் அம்மா கேட்ட "கடல் நடுவில் கடை" பற்றி. ஸ்காக்வேயில் கேட்ட ஒரு விஷயத்தை அவர்களுக்குச் சொல். 1897, 98-இல் கனடாவில் குளோண்டைக் பக்கம் தங்கம் கிடைக்கிறது என்று ஆயிரக்கணக்கான பேர் அந்த ஊர் வழியாகத்தான் மலையேறினார்கள். எல்லையில் கனடா போலீஸ், ஒரு வருஷத்துக்கான சாப்பாடும் சாமானும் இல்லாமல் யாரையும் உள்ளே விடவில்லை. அது ஆளுக்கு ஏறத்தாழ ஒரு டன் வந்தது. பக்கத்தில் சில்கூட் கணவாயில் பனியில் வெட்டின 1,500 படி. கணக்கு டீச்சர் இல்லையா, அங்கேயே போட்டுப் பார்த்தேன்: 900 கிலோ, ஒரு நடைக்கு முதுகில் 25 கிலோ என்றால் 36 நடை. ஏறி, வைத்துவிட்டு, இறங்கி, மறுபடி ஏறி. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது, ஏனென்றால் மலைக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே கிடைக்காது. நீங்கள் போகும் கப்பலுக்குள் கடை இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், ஒவ்வொரு ஊரிலும் இறங்கினதும் மருந்துக்கடையோ பல்பொருள் கடையோ இருக்கிறது. பற்பசை மறந்துபோனால் வாங்கிக்கொள்ளலாம். விலை கூடத்தான், இருந்தாலும் கிடைக்கும். இந்தக் கதையைச் சொன்னபோது என் மகன், "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் உங்கள் பெட்டியில் கை வைத்திருக்க மாட்டேன்மா" என்றான். எனக்கும் அங்கே போய்த்தானே தெரிந்தது.

விளக்கு வைத்தது சாமிக்காக. பேட்டரி விளக்கு சின்னதாகக் கிடைக்கிறது, என் மருமகள் வாங்கிக் கொடுத்தாள். ஒரு சாமி படம், விபூதிப் பொட்டலம். ஏழு நாளும் ஜன்னல் ஓரம் வைத்துக் கும்பிட்டேன்.

எடிசன்_அப்பா:

டீச்சரம்மா எழுதியதைப் படித்த பிறகு உடை பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. மூன்று தடவை கப்பலில் போனவன் என்ற முறையில் மற்றவை.

கேபினின் அளவை முதலில் மனசில் வையுங்கள். சாதாரண கேபின் 150 முதல் 200 சதுர அடிதான். அதில் மூன்று, நான்கு பேர். பெட்டிகளைக் காலி செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும், தரையில் விரித்து வைக்க இடமே கிடையாது. நான் வீட்டில் 10 அடிக்கு 16 அடி டேப் ஒட்டி, அதற்குள் கட்டிலையும் பெட்டியையும் வரைந்து மனைவிக்குக் காட்டினேன். அன்றைக்கே இரண்டு பெட்டி குறைந்தது.

சுவர் இரும்பு. காந்தக் கொக்கி நாலு எடுத்துப் போனால் ஈர ஜாக்கெட், குல்லா, பிள்ளைகளின் பை எல்லாம் தொங்கவிடலாம். போன் சார்ஜ் செய்ய யூ.எஸ்.பி. சார்ஜர் மட்டும் போதும். எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ஹேர் டிரையர் கேபினில் இருக்கும், துண்டும் இருக்கும், சோப்பும் இருக்கும்.

துணி துவைப்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். சிலவற்றில் நாமே காசு போட்டுத் துவைக்கிற மெஷின் அறை உண்டு, இஸ்திரியும் அங்கேயே இருக்கும். சிலவற்றில் அது கிடையாது, ஆனால் பயணத்தின் நடுவில் ஒரு பை நிறைய உள்ளாடை, டீ-ஷர்ட் திணித்துக் கொடுத்தால் ஒரே கட்டணத்தில் துவைத்து மடித்துத் தருவார்கள். உங்கள் கப்பலில் எது என்று இப்போதே பார்த்துவிடுங்கள். இரண்டில் எது இருந்தாலும் ஏழு நாளுக்கு நாலு நாள் துணி போதும். அப்பாவின் ஏழு வேட்டியில் நாலை இங்கேயே கழித்துவிடலாம். டெக்கில் அடிக்கிற காற்றில் வேட்டி கட்டி நடப்பது அவருக்குச் சிரமம், வெளியே போக ஒரு பேன்ட் இருக்கட்டும்.

கடைசி ராத்திரி கவனம். பத்து, பதினோரு மணிக்குள் பெரிய பெட்டிகளை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள், காலையில் சியாட்டில் கரையில்தான் திரும்பக் கிடைக்கும். மறுநாள் போடும் உடை, ஷூ, மாத்திரை, பல் செட் எதுவும் அதற்குள் போய்விடக் கூடாது. பெட்டிகள் குறைவாக இருந்தால் நீங்களே உருட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கிவிடலாம், வரிசையே இல்லை. குறைவாக எடுத்ததன் முழுப் பலன் எனக்கு அந்தக் காலையில்தான் தெரிந்தது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அமெரிக்காவுக்கே திரும்பினால் நடுவில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டாக வேண்டும், 1886-ஆம் வருஷச் சட்டம். சியாட்டில் கப்பல்கள் விக்டோரியாவில் நிற்பது இதனால்தான். அதனால் இந்திய பாஸ்போர்ட்டில் வருகிற பெற்றோருக்குக் கனடா விசா வேண்டும், அவர்கள் விக்டோரியாவில் இறங்காவிட்டாலும். பாஸ்போர்ட்டுகளைப் பெரிய பெட்டியில் வைத்துத் துறைமுகத்தில் கொடுத்துவிட்டுத் தவித்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

பெல்வியூ_வாசி:

சியாட்டில் பக்கத்தில் இருப்பதால் ஒரு வார்த்தை. குறைக்கிறேன் என்று ரெயின் ஜாக்கெட்டில் கை வைக்காதீர்கள், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. டாலஸில் இருந்து வருகிறவர்கள் மழைக்கோட்டை ஏதோ அவசரத்துக்கு என்று நினைக்கிறார்கள். இங்கே அதுதான் அன்றாட உடை. பிள்ளைகளுக்கு மட்டும் பெரியவர்களை விட இரண்டு ஜோடி உடை கூட எடுங்கள், ஐந்து வயதுக் குழந்தை ஒரே மத்தியானத்தில் இரண்டு பேன்ட் நனைக்கும். நான்கு ஷூ வேண்டாம், நீர் புகாத ஒன்று, உள்ளே போட ஒன்று. நீச்சல் உடையை மறக்காதீர்கள். அலாஸ்காவில் எதற்கு என்று விட்டுவிட்டு வந்து, கப்பலின் வெந்நீர்த் தொட்டியைப் பார்த்துப் பிள்ளைகள் அழுததை நான் அனுபவித்திருக்கிறேன். அதைக் கைப்பையில் வையுங்கள், முதல் நாள் மத்தியானமே கேட்பார்கள்.

குடை பற்றிக் கேட்டால் வேண்டாம் என்பேன். காற்றில் மடங்கிப்போகும்.

இன்னொன்று. சியாட்டிலில் கப்பல் ஏறும் இடம் இரண்டு: பியர் 66, பியர் 91. இரண்டும் வேறு வேறு இடம். பெட்டிகளோடு தப்பான வாசலில் இறங்கிவிடாதீர்கள், டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இங்கே சொந்தமோ தோழியோ இருந்தால், கப்பலுக்கு வேண்டாததையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு அவர்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். அம்மாவுக்கும் மனசு ஆறும், சாமான் கூடவே வந்த மாதிரி இருக்கும்.

டாலஸ்_மகள்:

எல்லாருக்கும் நன்றி. டீச்சரம்மா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரைஸ் குக்கர் மேசை வந்ததும் "நிறுத்து, திரும்பப் படி" என்றாள். அப்புறம் எழுந்து போய்க் குக்கரை அவளே அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள்.

தங்கம் தேடிப் போனவர்களின் கதையை அப்பாதான் பிடித்துக்கொண்டார். 36 நடை என்று நேற்றில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். வேட்டியை மூன்றாக்கிவிட்டார்.

ஒன்றே ஒன்றில் மாட்டிக்கொண்டோம். காபி. அப்பாவுக்குக் காலை ஐந்து மணிக்கு டிகாக்‌ஷன் காபி இல்லாமல் நாள் தொடங்காது. அம்மா பித்தளை ஃபில்டரைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். இதையும் பிடுங்கி வைத்துக்கொள்வார்களா? அந்த ஃபில்டர் அவளுடைய மாமியார் கொடுத்தது. கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

பீளமேடு_டீச்சர்:

ஃபில்டர் இருக்கட்டும் கண்ணு. அதில் மின்சாரமும் இல்லை, நெருப்பும் இல்லை. பிரிக்காத காபிப் பொடிப் பாக்கெட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பஃபேயில் இருந்து ஃபிளாஸ்கில் வெந்நீர் பிடித்து வந்து கேபினில் ஊற்றி வைத்தால் காலைக்குள் டிகாக்‌ஷன் இறங்கிவிடும். சூடான பால் கேட்டால் கொடுப்பார்கள், "ஹாட் மில்க்" என்று தெளிவாகக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த பாலும் க்ரீமும்தான் வரும். ஐந்து மணிக்குப் பஃபே திறந்திருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவையுங்கள். இல்லையென்றால் ஃபிளாஸ்கிலேயே பாலையும் ராத்திரி வாங்கி வைத்துவிடலாம், இரண்டு சின்ன ஃபிளாஸ்க் எடுத்துப் போனால் சரியாக வரும்.

ஃபில்டரைக் கைப்பையில் வைக்கச் சொல். மாமியார் கொடுத்ததைப் பெரிய பெட்டியில் போட்டு யார் கையிலோ கொடுக்க வேண்டாம்.

டாலஸ்_மகள்:

நேற்று எடை போட்டோம். பெரிய பெட்டி இரண்டு, சின்னது இரண்டு. பெரியவை ஒவ்வொன்றும் 20 கிலோவுக்குள். என் உடைகளில் ஐந்து அலமாரிக்குத் திரும்பிவிட்டன. பூனம் புடவை அம்மாவிடம் இரண்டுதான் இருந்தது, மூன்றாவதை இங்கே ஒரு தோழி கொடுத்தாள். பட்டில் மாம்பழக் கலரை அம்மா வைத்துக்கொண்டாள், அதற்கு இரண்டு ரவிக்கை. பெல்வியூவில் என் கல்லூரித் தோழி இருக்கிறாள், புளிக்காய்ச்சல் அவளுக்குப் போகிறது.

அம்மா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள் டீச்சரம்மா. கிளேசியர் பேயில் கப்பலின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? இடது பக்கமா வலது பக்கமா? எங்கள் கேபின் வலது பக்கம்.

பீளமேடு_டீச்சர்:

எந்தப் பக்கமும் நிற்கலாம் என்று சொல். பனியாற்றுக்கு எதிரில் போனதும் கப்பல் மெல்ல ஒரு சுற்றுத் திரும்பும், இரண்டு பக்கத்தில் இருப்பவர்களுக்கும் தெரியும். நான் அது தெரியாமல் கூட்டத்தோடு அங்கும் இங்கும் நடந்தேன். உன் அம்மா ஒரு நாற்காலியைப் போட்டு, போர்வையை மடியில் போட்டுக்கொண்டு, ஃபிளாஸ்கைப் பக்கத்தில் வைத்து உட்காரட்டும். போர்வை கேபினிலேயே இருக்கும், ஊரில் இருந்து எடுத்துப் போக வேண்டாம்.